அறுநூறு கிலோமீட்டர் ஓடிய கார்

ராஜமுருகன் விடுப்பில் வந்தபோது கார் வாங்கினான். பழனிக்குப் போய் வண்டிக்கு மாலை போட்டுப் பூசை முடித்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய்வந்தான். பிறகு பூம்பாறை வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டுத் துபாய்க்குப் பறந்துவிட்டான். கிளம்பும்போது மனைவி சுகன்யாவுக்கு ஓர் உத்தரவு: "தெனமும் வெள்ளனே அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணு. எடுத்து ஓட்டிறாத."

சுகன்யாவிடம் லைசென்ஸ் இருந்தது. இருந்து என்ன? இரண்டு வருடமாகக் காலையில் காருக்கு அந்த ஐந்து நிமிடச் சேவகத்தைச் செய்துவிட்டு, மகள் தமிழ்மதியைக் கொடைக்கானல் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற்றிவிடப் பனியில் நடந்தாள். பஸ் வரும்வரை பிள்ளை நின்று இருமியது. கார் மட்டும் தார்ப்பாய்க்குள் சுகமாக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆயில் மாற்ற வேண்டாமா என்று ஒருமுறை போனில் கேட்டாள். "பத்தாயிரம் கிலோமீட்டருக்குத்தான் மாத்தணும். நம்ம வண்டி அறுநூறுதான ஓடியிருக்கு" என்றான். கணக்கில் புலி.

மார்கழியில் ஒருநாள் ஆயில் மூடியைத் திறந்தவள் திகைத்துப் போனாள். மூடியின் உட்புறமெல்லாம் பால்காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. மெக்கானிக் சந்தோஷ்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஓடாட்டியும் வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்க்கா. இந்தக் குளிர்ல அஞ்சு நிமிசத்துல அணைச்சா இஞ்சின் சூடாகாது. ஈரம் உள்ளயே தங்கி ஆயில்ல சேந்துரும். நல்லாச் சூடேற ஓட்டணும்க்கா."

சுகன்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் பொத்திப் பொத்தியே கெடுத்திருக்கிறாள். அன்றே ஆயிலை மாற்றச் சொன்னாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் போன் வந்தது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணினேன். நேத்து ஆயிலும் மாத்திட்டேன்" என்று நடந்ததைச் சொன்னாள்.

"சரி, அது கெடக்கட்டும். அஞ்சு நிமிசத்துல அணைச்சியா?"

"அணைக்கல. கொடைக்கானலுக்கே ஓட்டியாந்துட்டேன். பாப்பா ஸ்கூல் வாசல்லதான் நிக்கிறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? மலை ரோடு! எங்கயாச்சும் கீறல் விழுந்துட்டா?"

"விழட்டுங்க. ரெண்டு வருசமாத் தெனமும் வண்டியக் கேக்குறீங்க. பாப்பா பனியில நின்னு இருமுறாளே, அத ஒருநாளாச்சும் கேட்டீங்களா? இனிமே தெனமும் ஓட்டத்தான் போறேன்."

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, லைனில்தான் இருந்தான்.

"பாப்பாவுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டியா?" என்றான் மெல்ல.