கேனுலாவுக்கு ஒரு மச்சான்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டிரிப்ஸ் ஏற்றக் கையில் சொருகி வைக்கிறார்களே, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குழாய், கேனுலா. அதைப் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புத்தகம் அதைச் சிரை என்று சொல்லும், வார்டில் நரம்பு என்பார்கள். எந்த வார்டில் யாருக்கு நரம்பு அகப்படாவிட்டாலும் அவளுக்குத்தான் போன் வரும். வருவாள், இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள், கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஒரே குத்து. குழாயின் பின்பக்கத்தில் ரத்தம் எட்டிப் பார்க்கும். "நரம்பில்லாத மனுசன் எங்கயும் இல்ல, தேடத் தெரியாத கைதான் இருக்கு" என்று மற்ற நர்சுகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாய்க்கு ஆப்பு வைக்கத்தான் பெயிண்டர் வந்து சேர்ந்தார்.

துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அதே காலோடு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர். சீழ் எலும்புவரை போய்விட்டது. வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து போயாக வேண்டும். ஆள் ஆஜானுபாகு. ஆயுசு முழுக்கப் பிரஷ் பிடித்த கை. அந்தக் கையில் நரம்பு கயிறு கயிறாக ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடவும் செய்தது. ஆனால் ஊசித் தட்டு கிணுங்கிய மாத்திரத்தில், கடன்காரனைக் கண்டவன் கொல்லைப்புறமாக நழுவுவதைப் போல அத்தனையும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன.

ஊசியக்கா ரப்பர் பட்டையைக் கட்டினாள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாள். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போடச் சொன்னாள். முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னாள். கை உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வழவழவென்று கிடந்தது. குத்திப் பார்த்தாள், இல்லை. மறு கையில் குத்தினாள், அங்கேயும் இல்லை. அவளுக்கு வியர்த்துவிட்டது.

"பயப்படாதீங்க ஐயா."

"நான் எங்க சிஸ்டர் பயப்படறேன்? கைதான் பயப்படுது" என்றார் பெயிண்டர், சுவரைப் பார்த்தபடி.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பேச்சை மாற்ற நினைத்தாள். "ஏங்க, காலைல அண்ணன் போன் பண்ணாரு. உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"எவன்? உங்கண்ணனா? அந்த ஏணித் திருடனா?"

முழங்கை மடிப்பில் ஒரு நரம்பு, மழைக்கு வெளியே வரும் மண்புழு போலப் புடைத்து எழுந்தது. ஊசியக்கா அதன்மேல் குனிந்தாள்.

"பேசுங்கம்மா. நிறுத்தாம பேசுங்க" என்றாள் மெதுவாக, ஊசியை எடுத்தபடி.

"அண்ணன் பாவங்க, அன்னைக்கே சொன்னாரு, அந்த ஏணியில மொதல்லயே ஒரு படி இல்லன்னு..."

"மொதல்லயே இல்லையா!"

சரக்கென்று உள்ளே போனது குழாய். ரத்தம் எட்டிப் பார்த்தது. ஊசியக்கா பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பல வருஷத்துக்கு முன்னால் ஸ்கூலுக்குப் பெயர்ப் பலகை மாட்டப் பெயிண்டரிடம் ஏணி இரவல் வாங்கினார். திரும்பி வந்தபோது அதில் ஒரு படி குறைந்திருந்தது. அன்றைக்கு விட்டுப்போன பேச்சுதான். பெயிண்டருடைய பெண்ணின் கல்யாணத்தில்கூட அவரும் மச்சானும் முதுகோடு முதுகாக நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கேனுலா என்பது ஒருமுறை போட்டால் போதும் என்கிற சமாச்சாரம் இல்லை. நாலு நாள் போனால் கை வீங்கும், சிவக்கும். கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும். அடுத்த தடவை வாத்தியாரின் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். பெயிண்டர் "ஹும்" என்றார். நரம்பு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பேருக்குப் பழகிவிட்டது, இனி ஆளே வேண்டும்.

ஊசியக்காவே போன் போட்டாள். "சார், நீங்க கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வரணும். உங்க மாப்பிள்ளையோட சண்டை போடணும்."

எதிர்முனையில் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எப்ப வரட்டும்?" என்றார் வாத்தியார்.

கதவிலேயே செக்யூரிட்டி மறித்தான். எதற்கு வந்தீர்கள் என்றால், சண்டை போட என்கிறார். மேட்ரன் இறங்கி வந்து, 'சிகிச்சைக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பாஸ் கொடுத்துத்தான் உள்ளே விட்டாள். வாத்தியார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார். கற்றுக்கொள்ள வந்தவர்களை நடுரோட்டில் திட்டித் திட்டி உரம் ஏறிய தொண்டை.

"என்ன மாப்ளே, ஆணிய மிதிச்சீராமே? ஏணில ஏறினாத்தான் கண்ணு தெரியாதுன்னு நெனச்சேன், தரையிலயும் தெரியாதா?"

"யோவ் மச்சான்! படிய முழுங்கின ஆளு நீ, என் கண்ணப் பத்திப் பேசறியா?"

"யாரு முழுங்கினது? நீர் குடுக்கும்போதே பொக்க வாயி மாதிரி இளிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு அந்த ஏணி!"

இரண்டு கையிலும், புறங்கையிலும், கழுத்திலும் நரம்பு கிளம்பியது. ஊசியக்காவுக்கு எதை விட்டு எதை எடுப்பது என்றே தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த பசிக்காரன் மாதிரி ஒருகணம் திகைத்து, முன்கையில் நேராக ஓடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். "போதும் சார், போட்டாச்சு" என்று அவள் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து கேனுலா மாற்றும் நாளெல்லாம் வாத்தியார் வந்துவிடுவார். செய்தி மற்ற வார்டுகளுக்கும் பரவியது. நரம்பு அகப்படாத ஒரு அம்மாவின் மகன் வந்து, "எங்கம்மாவையும் கொஞ்சம் திட்டி விடுங்க சார்" என்று கெஞ்சினான். மேட்ரனும் சிபாரிசு செய்தாள். வாத்தியார் போய் அந்த அம்மாவின் எதிரே நின்று, வாயைத் திறந்து, மூடி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"என்னால முடியாது சிஸ்டர். பாத்தவங்க கூடல்லாம் சண்டை போட வருமா? அதுக்கு ஒரு உரிமை வேணாமா?"

கட்டிலில் கிடந்த பெயிண்டர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த முறை வாத்தியார் வந்தபோது, "கால் எப்படி மாப்ளே இருக்கு?" என்றார், திட்டுவதற்கு முன்னோட்டமாக. பெயிண்டர், "வலி கொறஞ்சிருக்கு மச்சான்" என்றுவிட்டார். பட்டை கட்டிக் காத்திருந்த ஊசியக்காவின் கண்ணெதிரே கை மழமழவென்று ஆனது.

"ஐயா! இதெல்லாம் என்ன பேச்சு? சமாதானமாப் பேசினா நரம்பு போயிடும்" என்று அவள் சீறினாள். "சார், ஏணியச் சொல்லுங்க."

"ஏணிதானே... இருக்கட்டும் சிஸ்டர். ஒருவேளை கொண்டு போறப்ப வண்டில அடிபட்டு உடைஞ்சிருக்கலாம்."

"அட, அது பழைய ஏணிதான் மச்சான். உளுத்துப் போனது" என்றார் பெயிண்டர்.

ஊசியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனும் புருஷனும் பேசிக்கொள்ள வேண்டுமென்று அத்தனை வருஷம் தவம் கிடந்த மனைவிதான் ஓடி வந்து தூபம் போட்டாள். "ஏங்க, எங்கப்பா செத்தப்ப நீங்க கடைசியாத்தான் வந்தீங்கன்னு அண்ணன் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு." அதில் கொஞ்சம் சூடு பிறந்தது. அரைகுறையாகக் கிளம்பிய நரம்பில் எப்படியோ குழாயை ஏற்றினாள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சரக்கு தீர்ந்து வருகிறது என்று.

டாக்டர் வந்து பார்த்தார். "இது சரிப்படாது. மேல்கையில ஸ்கேன் வெச்சுப் பாத்து நீளமா ஒரு லைன் போட்டுடலாம். இதயத்துக்குப் பக்கம்வரை போகும். மருந்து முடியற வரைக்கும் அதுவே இருக்கும். நாலு நாளைக்கு ஒருக்கா இந்தக் கூத்து வேணாம்."

நல்ல யோசனைதான். ஊசியக்காவே அதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குத் தன் கைமேல் வைத்த பெருமைதான் காரணம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் பெயிண்டர் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப மச்சான் வர வேணாமா?"

"வேணாம்."

"அதெப்படி டாக்டர்?" என்று வாத்தியார் எழுந்தார். "இவ்வளவு நாளா தொண்டை கட்டக் கட்டக் கத்திக்கிட்டிருந்தவன் நான். திடீர்னு ஒரு ஒயரச் சொருகிட்டு என்னை வீட்டுக்குப் போன்னா?"

"எங்க குடும்ப விசயத்துல நீங்க தலையிடாதீங்க டாக்டர்!" என்றார் பெயிண்டர்.

இருவரும் சேர்ந்துகொண்டு டாக்டரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். டாக்டரும் மனுஷன்தானே, பதிலுக்குக் கத்தினார். கத்தியபோது அவர் நெற்றியில் ஒரு நரம்பு எழுந்தது. அதன் அழகை ஊசியக்கா தன்னை மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு நடுவில் புகுந்தாள்.

"ஐயா, ஓடி ஒளியற இந்த நரம்புல திரும்பத் திரும்பக் குத்தினா கை புண்ணாயிடும். மருந்து உள்ள போகலன்னா கால எடுக்க வேண்டி வரும். லைன் போட்டுக்கோங்க. சார் சும்மாவே வரட்டும்."

"சும்மா எப்படிம்மா வர்றது?" என்றார் வாத்தியார். கேட்டபோது அந்தத் தொண்டையில் கரகரப்பே இல்லை.

லைன் நல்லபடியாகப் போட்டு முடிந்தது. மருந்து சொட்டுச் சொட்டாகத் தடங்கலின்றி இறங்கியது. பெயிண்டர்தான் சோற்றைத் தொடாமல், யார் உள்ளே வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்துக் கிடந்தார். ஒருநாள் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள், ஊசியக்கா போனை எடுத்தாள்.

"சார், லைன்ல ஒரு கோளாறும் இல்ல. ஆளுதான் சரியில்ல. வாங்க."

"வந்து என்னன்னு சொல்றது?"

"எதுவும் சொல்ல வேணாம். உக்காருங்க, போதும்."

வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வாத்தியார், "சொட்டு மெதுவா விழுதோ?" என்றார். "சரியாத்தான் விழுது, உனக்கு என்ன தெரியும்" என்றார் பெயிண்டர். தட்டைத் தள்ளிக் கொடுத்தாள் மனைவி, மளமளவென்று சாப்பிட்டார்.

கால் பிழைத்தது. வீட்டுக்குப் போகிற நாளில் ஊசியக்கா லைனை மெல்ல உருவி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினாள். வாத்தியார் டிரைவிங் ஸ்கூல் காரைக் கொண்டு வந்திருந்தார். அதில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற வாத்தியாருக்கு ஒரு பிரேக். பக்கத்து இருக்கையில் பெயிண்டரை ஏற்றினார்கள். நல்ல காலுக்கு நேராக அந்தப் பிரேக் இருந்தது.

கார் ஓரடி நகர்ந்தது. நின்றது.

"மாப்ளே, கால எடும்!"

"எதிர்ல ஆள் வருது மச்சான், பாத்து ஓட்டு!"

இன்னும் ஓரடி. மறுபடி நின்றது. பின்சீட்டில் மனைவி இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஊசியக்காவைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் செக்யூரிட்டி இரண்டு தடவை சல்யூட் அடித்துக் கையை இறக்கிவிட்டான்.

ஊசியக்காவின் போன் அடித்தது. குழந்தைகள் வார்டில் யாருக்கோ நரம்பு அகப்படவில்லையாம். "வரேன்" என்று படியேறினாள்.