இரண்டாவது சமையலறை

"இந்த ஓவன் எப்ப வாங்கினது?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"வீடு கட்டினப்பவே வாங்கினது. ஏன், பழசாத் தெரியுதா?" என்றார் ரெனாட்டோ போர்ட்டோலின்.

கிளெனிஸ் ஓவன் கதவைத் திறந்தாள். உள்ளே கம்பித் தட்டின் மேல் கம்பெனிக்காரன் வைத்த விளக்கப் புத்தகம் உறை பிரிக்காமல் கிடந்தது.

"புதுசாத் தெரியுது. அதான் கேட்டேன்."

"லொரெட்டா அவ்வளவு சுத்தம்" என்றார் ரெனாட்டோ. குரலில் பெருமை.

"அப்ப சமையல்?"

"கீழே, கராஜ்ல. எங்க இத்தாலிக்காரங்க வீட்டுல எல்லாம் அப்படித்தான். மேல இருக்கறது பாக்கறதுக்கு."

மெல்போர்னின் கிழக்குப் பக்கம் புதிதாக எழும் பெரிய வீடுகளுக்குச் சமையலறை வரைந்து கொடுப்பது கிளெனிஸின் தொழில். வரையத் தொடங்குமுன் அந்த வீட்டில் ஒரு வேளை சமையலை நின்று பார்ப்பாள். வாயால் சொல்வது ஒன்றாகவும் கை செய்வது வேறாகவும் இருக்கும் என்பது அவள் அனுபவம். அதனால் ரெனாட்டோவைப் பின்தொடர்ந்து படியிறங்கினாள்.

கார் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பர்னர் அடுப்பு, நீளமான மேசை, சுவர் நெடுகத் தக்காளிச் சாறு அடைத்த புட்டிகள். லொரெட்டா கத்திரிக்காய் வில்லைகளை ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது.

"சத்தமாப் பேசுங்க. இது லாரி மாதிரி கத்தும்" என்றாள் லொரெட்டா.

"புது வீட்டுல என்ன வேணும் உங்களுக்கு?"

"அதெல்லாம் அங்க கேளுங்க" என்று கரண்டியால் கணவரைக் காட்டினாள்.

ரெனாட்டோவுக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கான்கிரீட் போடுவதில் முன்னுக்கு வந்தவர். ஆற்றங்கரை மேட்டில், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு வீடு. சமையலறைக்கு நடுவில் ஒரே கல்லில் வெட்டிய நடுமேடை. அதன் மேல் அடுப்பு கூடாது, பாத்திரம் கூடாது, ஒரு பழத்தட்டு வேண்டுமானால் இருக்கலாம். உண்மையான சமையலுக்குப் பின்னால் இன்னொரு அறை.

அப்படியே வரைந்தாள் கிளெனிஸ். இப்போது பணக்கார வீடுகளில் எல்லாரும் கேட்பது அதுதான். அலமாரி வரிசையில் ஒன்று மட்டும் அலமாரி இல்லை, கதவு. கைப்பிடி கிடையாது. தெரிந்தவர் தொட்டால்தான் திறக்கும். தான் வரைந்ததிலேயே அந்தக் கதவுதான் அவளுக்குப் பிடித்தது.

தன் கடையில் அவள் படத்தை விரித்தபோது ரெனாட்டோ அந்தக் கதவைத் தேடினார். கிடைக்கவில்லை. கிளெனிஸ் விரலால் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"என் மச்சான் வந்தா இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி பந்தயம் கட்டப்போறேன்."

லொரெட்டா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கதவு மூடியிருந்தா, மேசையில பேசறது உள்ள கேக்குமா?"

"துளி கேக்காது" என்றாள் கிளெனிஸ் உற்சாகமாக. "கதவுக்குள்ள பஞ்சு வச்சு அடைக்கறோம். வாசனையும் போகாது, சத்தமும் போகாது. நீங்க உள்ள டிராக்டர் ஓட்டினாலும் வெளிய தெரியாது."

"கேட்டியா? இனிமே என்னைத் திட்டிக்கிட்டே சமைக்கலாம்" என்றார் ரெனாட்டோ.

கையெழுத்துப் போட எடுத்திருந்த பேனாவை லொரெட்டா மூடி மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு இது வேணாம். நீ அங்க போய் இரு, ரெனாட்டோ. நான் பழைய வீட்டுலயே இருந்துக்கறேன்."

"என்ன விளையாடறியா?"

"இல்ல."

"இத்தனை மாசம் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்துட்டு இப்ப சொல்றா பாருங்க" என்று கிளெனிஸிடம் திரும்பினார். "குழாயெல்லாம் பதிச்சாச்சு. வெள்ளிக்கிழமை கான்கிரீட் தரை ஊத்தறேன், என் கையாலயே ஊத்தறேன். ஊத்தினதுக்கப்புறம் மனசு மாறிச்சுன்னா உடைக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

லொரெட்டா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை கிளெனிஸ் தனியாக அந்த கராஜுக்கு வந்தாள். லொரெட்டா அவளைப் பார்த்ததும் ஃபேனை நிறுத்தினாள்.

"சமாதானம் பண்ண வந்தீங்களா?"

"இல்ல. நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன். என்னன்னு தெரியலை, அதான் வந்தேன்."

லொரெட்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மாடிப்படி மேல ஒரு பையன் படம் இருக்கே, பாத்தீங்களா?"

"பார்த்தேன். கேக்கக்கூடாதுன்னு கேக்கலை."

"எல்லாரும் அப்படித்தான் கேக்காம இருக்காங்க. எங்க ஆட்ரியன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, இதே கத்திரிக்கா. அப்பாவும் பிள்ளையும் மேல மேசையில. நான் தட்டுத் தட்டாப் போட்டு வச்சிட்டு வரேன், மறுபடி கீழ ஓடறேன். கடைசித் தட்டோட மேல போனா அவன் நாற்காலி காலி. பைக்கை எடுத்த சத்தம்கூட எனக்குக் கேக்கலை. பெரிய ரோடைத் தாண்டலை, லாரி அடிச்சிருச்சு."

கிளெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவன் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போற பிள்ளை இல்ல. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்'. ரெனாட்டோ சொன்னது அவ்வளவுதான். பிள்ளை கடைசியாப் பேசினது எப்படி ஒண்ணுமில்லாமப் போகும்?"

"திரும்பக் கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? கேட்டா அந்த மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்." எண்ணெய்ச் சட்டியை ஓரமாக நகர்த்தினாள். "இனிமே ஒரு சுவத்துக்குப் பின்னால நான் நிக்கமாட்டேன், கிளெனிஸ். தங்கத்துல கட்டிக் குடுத்தாலும் நிக்கமாட்டேன்."

"நாளைக்கு சைட்டுக்கு வாங்க" என்றாள் கிளெனிஸ் கடைசியில். "தரை ஊத்தற வரைக்கும் எந்தக் குழாயையும் மாத்தலாம். ஊத்திட்டா முடியாது. அந்த இடத்துல நின்னே சொல்லுங்க."

வியாழக்கிழமை வெயிலும் காற்றுமாக இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கம்பி வலை கட்டி முடித்திருந்தார்கள். வாயில் நாடா ஒட்டிய குழாய்கள் அங்கங்கே தலை நீட்டின. சுவர் வரப்போகும் இடமெல்லாம் நீல நிறத்தில் கோடு.

"செருப்பைப் பாரு" என்றார் ரெனாட்டோ. "மாதா கோயிலுக்குப் போறியா? கம்பியில மாட்டி விழப்போற."

லொரெட்டா கம்பிகளுக்கிடையே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கோடுகள் சதுரமாக வளைத்த ஓர் இடத்தில் போய் நின்றாள்.

"எனக்குக் குடுத்த இடம் இதுதானா?"

"அதான் உன் சமையலறை. உலகத்துலயே பெரிய பின்னறை."

"மேசை எங்க?"

"அதோ, ஜன்னல் பக்கம்."

"அங்க போய் நின்னு பேசு."

ரெனாட்டோ சிரித்துக்கொண்டே போனார். "நின்னாச்சு. என்ன பேசணும்?"

"ஆட்ரியன் அன்னிக்குப் பேசினதை."

அவர் சிரிப்பு நின்றது. கிளெனிஸ் மெல்ல நகரப் பார்த்தாள்.

"நீங்க இருங்க, கிளெனிஸ். நீங்க வரைஞ்ச இடம்தானே" என்றாள் லொரெட்டா.

"லொரெட்டா, இப்ப எதுக்கு அது?"

"இப்பதான் சுவர் இல்ல. இப்ப சொன்னா எனக்குக் கேக்கும்."

பக்கத்து மனையில் ரம்பம் ஓடி நின்றது. ரெனாட்டோ இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டார், எடுத்தார்.

"உன்னைக் கூப்பிடச் சொன்னான்."

"என்ன?"

"'அம்மா எப்பவும் கீழயே கிடக்கறாங்க, கூப்பிடுப்பா, நம்மகூட உக்காந்து சாப்பிடட்டும்'னான். அடுப்புல எண்ணெய் காயுது, விடுடான்னேன். 'நான் போய்க் கூட்டிட்டு வரேன்'னு எழுந்தான். படிக்கட்டுக் கதவைத் திறக்காதே, வீடெல்லாம் எண்ணெய் நாத்தம் ஏறிடும், உக்காருன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்."

"அப்புறம்?"

"உக்காரலை. என்னை ஒரு பார்வை பாத்தான். சாவியை எடுத்துக்கிட்டு முன்வாசல் வழியாப் போயிட்டான்."

லொரெட்டா அழவில்லை. காற்றில் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கவும் இல்லை.

"நான் வந்திருப்பேன்" என்றாள். "ஒரு குரல் குடுத்திருந்தா அடுப்பை அணைச்சிட்டு வந்திருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எனக்கு இன்னொரு கதவு போடறியா?"

அவர் வாயைத் திறந்தார். எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்றோ, உனக்கு நல்லதாகச் செய்யத்தான் நினைத்தேன் என்றோ சொல்ல வந்திருக்கலாம்.  கம்பிகளைத் தாண்டி அவள் நின்ற இடத்துக்கு வந்து, அவள் காலடியில் மண்டியிட்டு, பையிலிருந்த குறடால் கட்டுக்கம்பியை வெட்டத் தொடங்கினார்.

"கிளெனிஸ்" என்றார் தலையை நிமிர்த்தாமல், "அடுப்பு எங்க வரணும்?"

கிளெனிஸ் லொரெட்டாவைப் பார்த்தாள். லொரெட்டா நடுமேடை வரவேண்டிய இடத்துக்குப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"இங்க. மேசையைப் பாத்தபடி."

கிளெனிஸ் அவள் காலருகே நீலச் சாயத்தால் குறி போட்டாள்.

"எண்ணெய் தெறிக்கும். விருந்தாளிங்க மேல படும்" என்றார் ரெனாட்டோ, பழக்கதோஷத்தில்.

"படட்டும்."

அவர் எழுந்து போனை எடுத்தார். முதலில் பிளம்பரை வரச் சொன்னார். பிறகு கான்கிரீட் லாரிக்காரரிடம் பேசினார். "ஆமா, நாளைக்கு வேணாம்... மழையெல்லாம் இல்ல... இல்லப்பா, உங்க தப்பு இல்ல. என் தப்பு."

லொரெட்டா கிளெனிஸின் காரை நோக்கி நடந்தாள்.

"நான் கொண்டுபோய் விடறேனே" என்றார் ரெனாட்டோ.

"நீ குழாயை மாத்து. நான் கிளெனிஸோட போறேன்."

அவர் குறடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சாயங்காலம் சாப்பாடு?"

லொரெட்டா கார்க் கதவைப் பிடித்தபடி திரும்பினாள்.

"மேல கொண்டு வரமாட்டேன். நீ கீழ வா. நீ வந்து உக்காந்ததுக்கு அப்புறம்தான் அடுப்பைப் பத்த வைப்பேன்."

ரெனாட்டோ தலையசைத்தார். பிறகு மறுபடி மண்டியிட்டு அடுத்த கட்டுக்கம்பியை வெட்டினார்.