குன்னூர்க் காற்றை இழுத்த கார்

வேலூரில் பழைய கார் கைமாறினால், விற்றவர் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு தரம் ஊதிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். ஊதாமல் போனால் பழைய ஆள் இருக்கும் ஊரின் காற்றையே கார் இழுத்துக்கொண்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மின்விசிறிக் கடை ஏகாம்பரத்துக்கு இது தெரியாதா? பேஷாகத் தெரியும். தெரிந்தும் ஊத விடவில்லை. ஏனென்றால் விற்க வந்தவர் சபாபதி. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி. இருபத்திமூன்று வருஷத்துக்கு முன்னால் கோமளவல்லியைப் பெண் பார்க்க வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று திரும்பிப் போனவர். அடுத்த மாதமே கோமளவல்லியைக் கட்டிக்கொண்டவர் ஏகாம்பரம். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்போம். அந்த மனுஷன் கேட்டுக்கொள்ளவில்லையே! சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அவள் குன்னூரை நினைத்துக்கொண்டு சமைத்தாள் என்றே அவருக்குப் படும்.

சபாபதி காரை விற்கிறார் என்று புரோக்கர் சொன்னதும் ஓடிப்போய் வாங்கினார். அவன் கார் என் வாசலில் நிற்கட்டும், அவன் பஸ்ஸில் போகட்டும் என்று ஒரு அற்ப சந்தோஷம். காரைக் கொண்டுவந்து விட்ட சபாபதி முறைப்படி பானெட்டைத் திறக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் கோமளவல்லி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். இவன் குனிந்து ஊதுவதை அவள் நின்று பார்க்க வேண்டுமா? ஏகாம்பரம் பானெட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஊதவெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

கத்திரி பிறந்தது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் கரும்புகை விட்டது, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது, எச்சரிக்கை விளக்கு எரிந்தபடியே கிடந்தது. "ஆனா உள்ள உக்காந்தா ஜிலுஜிலுன்னு இருக்குதுங்க" என்றாள் கோமளவல்லி. அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாள் காலையிலேயே காரை ஜபருல்லா பாய் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

பாய் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளந்து சொல்ல ஒரு சென்சார் உண்டு. அது பதினாலு டிகிரி என்றது. பட்டறையில் நாற்பத்திரண்டு.

"குளிர்க் காத்துன்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல அள்ளிக் கொட்டுது. அதான் புகை. சென்சார் அவுட்டா இருக்கும்ணா" என்றார் பாய்.

அவசரப்படுகிற ஆள் இல்லை அவர். முதலில் வயரை ஆட்டிப் பார்த்தார், பழுதில்லை. சென்சாரைக் கழற்றித் தன் டீ கிளாஸில் முக்கினார்; டீயின் சூட்டைச் சரியாகச் சொன்னது. ஐஸ் தண்ணீரில் விட்டார்; அதையும் சொன்னது. புதுசு ஒன்றை மாட்டினார், அதுவும் பதினாலு. கடைசியில் இன்ஜினை ஓட விட்டு, காற்று இழுக்கும் குழாய்க்குள் உள்ளங்கையை வைத்தார். கை விறைத்துப் போனது. முகர்ந்து பார்த்தார். யூகலிப்டஸ் வாசனை.

"சென்சார் மேல தப்பு இல்லண்ணா. இழுக்கிற காத்தே குன்னூர்க் காத்து. பழைய ஓனர் ஊதல போல. போன் போடுங்க, ஒரு பலூன்ல ஊதிக் கொரியர்ல அனுப்பட்டும்."

அவனிடம் போய்க் கேட்பதா! ஏகாம்பரம் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பாயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஊதாமலா? அவர் ஊத விட மாட்டார்னு எனக்குப் பட்டுச்சு பாய். அதனால அவங்க தெரு முனையிலேயே நிறுத்தி ஊதிட்டுத்தான் வந்தேன். வாசல்ல பானெட்டத் தொறக்கப் போனது சும்மா முறைக்கு" என்றார் சபாபதி. பிறகு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

எல்லாரும் என்றால் யாராம்? ஏகாம்பரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பாய் போனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கார் பழைய ஆள விட்டுடுச்சு. இப்ப உங்க வூட்டு மூச்சத்தான் இழுக்குது. உங்க வூட்ல யாரோ ஒருத்தர் குன்னூர்ல இருக்காங்கண்ணா."

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். இரண்டு பேரில் முதலில் தன்னைக் கழித்தார் ஏகாம்பரம். மீதி ஒருத்தி. நெருப்பில்லாமல் புகையுமா என்று அவர் எத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார்! சொன்னது பலித்துவிட்டதே என்று அழுகைகூட வந்தது. அது கிடக்கட்டும் என்று பாயிடம் பழைய சென்சாரையும், அதோடு டிகிரி காட்டும் ஒரு சின்ன மீட்டரையும் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பகல் இரண்டு மணி. கோமளவல்லி கூடத்தில் வெறும் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போயிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. ஏகாம்பரம் பூனை மாதிரி போய் உட்கார்ந்து, சென்சாரை அவள் மூக்கருகே பிடித்தார். பதினாலு என்று காட்டிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்து சோறு தின்பது?

மீட்டர் மெதுவாக ஏறியது. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டில் நின்றது. அசல் வேலூர். இன்னும் சொல்லப்போனால் அவர்கள் வீட்டுக் கூடம்தான்.

மனுஷன் சந்தோஷப்பட்டாரா? மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள்.

"மூக்குல இன்னாங்க?"

சொன்னார். கார், டீ கிளாஸ், போன், பாய் போட்ட கணக்கு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டாள். கோபப்படவில்லை. சென்சாரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க ஊதுங்க."

"நான் எதுக்கு?"

"வூட்ல ரெண்டு பேர்தானே. ஊதுங்க."

ஊதினார். மீட்டர் இறங்கியது. முப்பது. இருபது. பதினாலில் நின்றது. இன்னொரு தரம் ஊதச் சொன்னாள். பதிமூன்று.

"அங்க மழை புடிச்சிருக்கும்" என்றாள்.

அவர் வாயிலிருந்து வந்த ஆவி கூடத்தின் நடுவே வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்று கலைந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அந்த ஊரைப் பாத்ததே இல்ல கோமளா" என்றார் ஏகாம்பரம்.

"நானுந்தான் பாத்ததில்ல. நீங்க இருபத்திமூணு வருஷமா அங்கதான் குடியிருக்கீங்க." கோமளவல்லி மீட்டரை அணைத்து அவர் மடியில் வைத்தாள். "அப்ப இத்தன வருஷமும் இந்த வெயில்ல நான் மட்டும் தனியாத்தான் இருந்திருக்கேன்."

ஏகாம்பரத்துக்குக் குளிரில் பல் கிட்டியது. அவள் பீரோவிலிருந்து கம்பளியை எடுத்து அவர் தோளில் போர்த்தி, காது மூடும்படி இழுத்துவிட்டாள். அப்போதுதான் அவர் இடது காதுக்குப் பின்னால் துளிர்த்திருந்த தேயிலைக் கொழுந்து அவள் கண்ணில் பட்டது. இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. கிள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய், இரண்டு டம்ளர் டீயோடு திரும்பி வந்தாள்.

குடித்தார்கள். ஏகாம்பரத்துக்கு மனசு ஆறவில்லை. இழுத்துப் பிடித்தும் அது வாயில் வந்துவிட்டது.

"அவன் தோட்டத்து டீ மாதிரியா இருக்கு?"

"அவரு வந்தப்ப நாங்கதானே காப்பி குடுத்தோம். அவரு டீ எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் கோமளவல்லி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையைத் திருப்பி, வலது காதுக்குப் பின்னால் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் பறிக்க இன்னும் நாலு நாள் ஆகும்" என்றாள்.