பெயர் சொல்லி அழைக்கவும்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கைக்கடிகாரங்களுக்குப் புதிய பதிப்பு வந்தது. அன்றிலிருந்து ஒரு மனைவி "ஏங்க" என்று கூப்பிட்டால் அவளுக்கு மிக அருகில் இருக்கும் கணவர் வருவார்.

அதற்கு முன்பு விஷயம் எளிதாக இருந்தது. என் மனைவி அகிலா தன் கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டுவாள். என் மணிக்கட்டு அதிரும், கால்கள் தாமாக வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிடும். நான் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தாலும் சரி, பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, சற்று நேரத்தில் அவள் முன்னால் நிற்பேன். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை.

புதிய பதிப்பில் அந்த இரண்டு தட்டை எடுத்துவிட்டார்கள். திரை பளிச்சென்று இருக்க வேண்டுமாம். கணவன் மனைவியைக் கூப்பிடும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். பயன்பாட்டு விவரங்களின்படி நாங்கள் யாரும் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திவிடுகிறோம். அதை நான் மறுக்கவில்லை. தட்டச்சு செய்யும் வசதியும் போயிற்று. இனி மனைவி கணவனின் பெயரை வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் கடிகாரம் பக்கத்தில் இருப்பவரை அனுப்பும். கீழே சிறிய எழுத்தில் 'மேம்படுத்தப்பட்ட அனுபவம்' என்று போட்டிருந்தது.

இதைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அகிலா என் பெயரைச் சொன்னதே இல்லை. அவள் வீட்டில் அப்படி வழக்கமில்லை; சொன்னால் கணவனுக்கு ஆயுள் குறையுமாம். ஆஸ்பத்திரியில் நோயாளி பெயர் என்ன என்று கேட்டால் என் சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டுவாள். நான் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான்.

செவ்வாய் காலை தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு முதல் மாடி. இரண்டாம் மாடியில் ஸ்டெல்லா மேரி இருக்கிறார். அவருடைய கணவர் ஆரோக்கியசாமி அப்போது தரைத்தளத்தில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மேரி "ஏங்க" என்றார். மேலே இருந்த நான்தான் அவருக்குப் பக்கம். என் கால்கள் இறங்கின.

"சிலிண்டர் தீந்துபோச்சு, மாத்துங்க" என்றார்.

மாற்றினேன். அதே நேரத்தில் அகிலா எதற்கோ "ஏங்க" என்றிருக்கிறாள். கீழேயிருந்து ஆரோக்கியசாமி ஈரக் கையோடு ஏறி எங்கள் வீட்டுக்குள் போனார். மதியத்துக்குள் ஸ்டெல்லா மேரி இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்று தடவை வந்தவரையே அந்த வீட்டின் ஆளாகக் கடிகாரம் பதிந்துகொள்ளும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் கால்கள் பள்ளிக்கூடம் போயின, கடைக்குப் போயின. வீடு திரும்பும்போது மட்டும் முதல் மாடியைத் தாண்டி நேராக மேலே ஏறின. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் மாற்றாவிட்டால் இது நிரந்தரமாகும் என்று திரையில் ஒரு வரி வந்தது. சரி என்று ஒரு பொத்தான் இருந்தது. இல்லை என்று பொத்தான் இல்லை.

ஸ்டெல்லா மேரியைக் குறை சொல்ல முடியாது. நல்ல குழம்பு வைப்பார். சாப்பாடு போட்டுக்கொண்டே, "உங்க அக்கா போன்ல என்ன பேசினாங்க தெரியுமா? என் அண்ணன் மகனுக்கு மரியாதை தெரியலையாம்" என்றார். எனக்கு அக்கா கிடையாது. தப்புதான் என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டேன். தூக்கம் மொட்டைமாடியில். என் சட்டைகளை அகிலா தேய்த்து ஒரு வாளியில் வைப்பாள், நான் பால்கனியிலிருந்து கயிறு விட்டு மேலே இழுத்துக்கொள்வேன்.

புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தில்லைநகரில் இருக்கும் சேவை மையத்துக்குப் போனேன். இருந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் விட்டெறிய வேண்டும்போல இருந்தது. எனக்கு முன்னால் அறுபது கணவர்கள் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அடுத்தவர் சட்டையில் இருந்தார்கள். என் முறை வந்தபோது ஷர்மிளா பானு என்று பெயர் குத்தியிருந்த பெண் நிமிர்ந்து சிரித்தாள்.

"பழகிடும் சார்" என்றாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"எல்லாரும் இதுக்குத்தான் சார் வர்றாங்க. மேடம் ஒரே ஒரு தடவ உங்க பேரச் சொன்னா போதும், நீங்க உங்க வீட்டுக்கு வந்துடலாம். உங்க வீட்ல இருக்குற சாரும் அவங்க வீட்டுக்குப் போயிடுவாரு."

"பழைய மாதிரி ரெண்டு தட்டு தட்டுனா வராதா?"

"அது இப்ப இல்ல சார்."

"பழைய பதிப்புக்கே போக முடியாதா?"

"போகலாம் சார். ஆனா எல்லாம் அழிஞ்சு, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த நிலைக்குப் போயிடும். பரவாயில்லையா?"

அதற்கென்று இடதுபக்கம் தனி வரிசை இருந்தது. வாசல் தாண்டி வெயிலில் நின்றிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தேன். பேருந்தில் ஏறியதும் எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கடிகாரம் கேட்டது. ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். உங்கள் அன்புக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஆரோக்கியசாமியின் பெயரை ஸ்டெல்லா மேரி சொல்லியிருந்தாலும் காரியம் முடிந்திருக்கும். அவர் சொல்வதாக இல்லை. "அந்த மனுசன் நாலு நாள் கீழயே கெடக்கட்டும், அப்பத்தான் என் அருமை தெரியும்" என்றார்.

அகிலா அவளுக்குத் தெரிந்த வழியில் முயற்சி செய்தாள். வியாழக்கிழமை கடிகாரத்தை வாயருகில் வைத்து, "கதிரோட அப்பா" என்றாள். கதிர் எங்கள் மகன், பெங்களூரில் வேலை பார்க்கிறான். திருச்சியில் உள்ள கதிர்களின் அப்பாக்கள் பதினொரு பேர் வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை, "மலைக்கோட்டையில பாதி வழியில இருக்காருல்ல, அந்தச் சாமி பேரு" என்றாள். குருக்கள் ஒருவர் தட்டோடு வந்தார். அகிலாவுக்கும் ஆரோக்கியசாமிக்கும் விபூதி கொடுத்துவிட்டு, மேலே வந்து எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சமையலறைக் குழாய் சரியானது. இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாய். அடுத்த வாரம் பார்க்கிறேன், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று நான் சொல்லி வந்த குழாய். ஆரோக்கியசாமி ஸ்பேனரை எடுத்து அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார். மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொட்டுச் சத்தம் நின்றதும் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். வழக்கம், வாய் வரவில்லை என்பதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். அவள் ஏன் சொல்ல வேண்டும்? நான் வந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? இருபத்தாறு வருடத்தில் அவள் கூப்பிட்டு நான் போய் நின்ற நேரமெல்லாம் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும், என்ன என்று கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் ஸ்டெல்லா மேரி வீட்டுப் பால்கனியில் நின்றேன். கீழே எங்கள் பால்கனியில் அகிலா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அதில் ஆரோக்கியசாமியின் லுங்கியும் இருந்தது.

"இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு" என்றேன்.

"தெரியுது." அவள் மேலே பார்க்கவில்லை.

"குழாய் சரியாயிடுச்சுபோல."

"ஆமா."

"உனக்கு இப்படியே சௌகரியம்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

நினைத்துக்கொள்வேன். சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பேன். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன பேச்சு இது? நாலு நாளா ராவெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்குறேன். முத எழுத்துக்கே நாக்கு ஒட்டிக்குது. உங்களுக்கு என்ன தெரியும்?"

உள்ளேயிருந்து ஆரோக்கியசாமி, "தைரியமா சொல்லுங்க சிஸ்டர். நானும் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள் அகிலா.

எட்டு நிமிடம் போயிற்று. எதிர்மாடியில் ஒரு பெண் "ஏங்க" என்றாள். தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறினார். அகிலா முந்தானையை இடுப்பில் செருகினாள். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய்க் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"தாயுமானவன்" என்றாள்.

அந்தப் பெயரை ஐம்பத்து மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். வாத்தியார்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், வாக்குச்சாவடியில் உரக்கப் படித்திருக்கிறார்கள். அது என்னுடையது என்று எனக்கு அன்றுதான் பட்டது. மணிக்கட்டு அதிர்ந்தது, கால்கள் கிளம்பின. படியில் ஆரோக்கியசாமி ஸ்பேனரும் லுங்கியுமாக எதிரே ஏறி வந்தார். இருவரும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டோம்.

நான் உள்ளே போனபோது அகிலா இன்னும் சுவரைப் பார்த்தே நின்றிருந்தாள். காது சிவந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்று கேட்கவில்லை.

என் கடிகாரம் இன்னொரு முறை அதிர்ந்தது. 'உங்கள் பெயர் மனைவியால் உச்சரிக்கப்பட்டது. ஆயுளில் ஒரு நாள் கழிக்கப்பட்டது' என்று திரையில் இருந்தது. சரி என்பதை அழுத்தினேன்.

"என்னவாம்?" என்றாள் அகிலா.

"ஒண்ணுமில்ல" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."