ரயிலுக்கு முன் காராமணி

நாமோரி கெய்த்தா ஊரைவிட்டு ஓடிவந்து பக்கத்து நாட்டு டாக்காரில் ஒண்டிக்கொண்டிருந்தாலும், அவருடைய வாய் மட்டும் சொந்த நாடான மாலியிலேயேதான் இருந்தது. பஞ்சத்துக்கு வந்த தானியத்தை நாட்டை ஆளும் ஜெனரலின் ஆட்கள் எப்படி விழுங்கினார்கள், தேர்தலை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று கேசட்டில் பேசுவார். கருவாட்டுக் கூடைக்குள் பதுங்கிக் கேசட் ரயிலேறும். தலைநகர் பமாகோவில் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுச் சிரிப்பார்கள். ஜெனரலுக்குத் திட்டுகூடப் பொறுக்கும், சிரிப்புத்தான் பொறுக்காது.

ஒருநாள் மத்தியானம் சிதிபே என்று குலப்பெயர் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். முகத்தில் அத்தனை சோகம்.

"வாத்தியாரே, உங்கம்மா ஊர்ல படுத்த படுக்கையா கெடக்கிறாங்க. உங்க பேரைத்தான் சொல்லிட்டிருக்காங்க. சாயங்கால ரயிலுக்குக் கிளம்புங்க. எல்லையில நம்ம ஆளு இருக்கான், யார் கண்ணுலயும் படாம தாண்டிடலாம்."

பிடிபட்டால் பாலைவனச் சிறை. உள்ளே போனவன் திரும்பியதில்லை. நாமோரிக்கு அது தெரியாதா? ஆனால் அம்மா என்றதும் அறிவாவது ஒன்றாவது. கண்ணீரில் எது சட்டை, எது தலையணை உறை என்றே பார்க்காமல் பைக்குள் திணித்தார்.

ஆனாலும் வந்தவனைப் பட்டினி போட்டால் கெய்த்தா பரம்பரைக்கு இழுக்கு. அடுப்பில் காராமணி வெந்திருந்தது. கிண்ணத்தை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். சிதிபே வெளுத்துக் கட்டினான்.

காராமணியைக் கண்டால் குலிபாலிகளைத் திட்டாமல் எந்தக் கெய்த்தாவுக்கும் தொண்டையில் இறங்காது. இரண்டு குலத்துக்கும் காலங்காலமாகக் கேலி முறை. கண்ட இடத்தில் திட்டிக்கொள்ளலாம், கோபிக்கக் கூடாது. கெடுதல் நினைக்கவே கூடாது.

"நல்லவேளை தம்பி, நீ சிதிபே. குலிபாலின்னா கிண்ணத்தையும் சேர்த்துத் தின்னுருப்பான்."

சிதிபேயின் கை ஒரு கணம் நின்றது. குனிந்து மென்றான்.

"எங்க தெருவுல ஒரு குலிபாலி வீடு தீப்பிடிச்சுது. பொண்டாட்டியை உள்ள விட்டுட்டு காராமணிப் பானையைத் தூக்கிட்டு ஓடியாந்தான். ஏன்டான்னா, 'அவளுக்குக் கால் இருக்கு, பானைக்கு இல்லையே'ங்கறான்!"

சிதிபேயின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வாயை மூடுடா, எங்க வீட்டு அடிமை! எங்க தாத்தன் மிச்சம் வச்ச காராமணியில வளந்த கூட்டம், நீயெல்லாம் எங்களைப் பேசறியா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. எந்தச் சிதிபேயும் இந்தப் பதிலைச் சொல்லமாட்டான். நாமோரி எடுத்த கவளத்தைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார்.

"நீ குலிபாலி."

"பஸூமானா குலிபாலி," என்று தலையைத் தொங்கப்போட்டான். "ஜெனரல் ஆபீஸ்ல வேலை. உன்னை எல்லை தாண்ட வைக்கணும்னு உத்தரவு."

"எங்கம்மா?"

"கெழவி கல்லு மாதிரி இருக்கா. துப்பு எடுக்க உன் வீட்டுக்குப் போனேன். அங்கயும் சிதிபேன்னுதான் சொன்னேன். காராமணி வச்சா. அங்கயும் வாயைத் திறந்துட்டேன்."

"அப்புறம்?"

"சிரிச்சா. 'என் பிள்ளையப் பிடிக்கத்தானே போற, போ. ஆனா அவன் வீட்டுல சாப்பிடாம அவனைக் கிளப்பக் கூடாது, சத்தியம் பண்ணு'ன்னா. கெய்த்தா வீட்டு ஆளு கேட்டா மறுக்க முடியுமா? பண்ணித் தொலைச்சேன்."

நாமோரி விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில் அது அழுகையாகிவிட்டது. பையிலிருந்த சட்டையை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

"வெறுங்கையோட போனா என் தோலை உரிச்சிடுவானுங்க, வாத்தியாரே."

"இங்கயே கிட. ஆனா உனக்குத் தனிக் கிண்ணம்."

அந்த வாரக் கேசட் வழக்கம்போல ஜெனரலில் தொடங்கவில்லை. "அம்மா, நீ அனுப்பினவன் வந்தான். சாப்பிட்டான்," என்று தொடங்கியது. பின்னாலிருந்து இன்னொரு குரலும் பதிவாகியிருந்தது.

"உப்பு பத்தலைன்னும் சொல்லு!"