விளக்குக்காரி எங்கே?

பத்து வருஷமாக நான் ஒரு பையன். வீட்டில் நான் மனைவி, அம்மா, அண்ணி எல்லாம். ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்றால் ஓட்டைக் கப்பல் ஒன்றின் கேப்டன். ஜப்பானிலிருந்து வருகிற அந்த அனிமே கார்ட்டூன் தொடருக்கு நாங்கள்தான் தமிழ்க் குரல். அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. தீவுக்கு ஒரு கொடுங்கோல் ராஜா. என் பையன் போவான், கொடியைக் கிழிப்பான், சிரிப்பான், கப்பலேறிவிடுவான். "உடைச்சிட்டுப் போறியே, பெருக்கறது யாருடா?" என்று நான் மைக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறேன். இந்த சீசனில் கதை எழுதுகிறவர்களுக்கே அது உறைத்துவிட்டது போல. கேப்டன் பழைய தீவு ஒன்றுக்குத் திரும்பி வருகிறான். முன்பு அவன் தப்பிப்பதற்காகத் துறைமுகச் சங்கிலியை இறக்கிவிட்டவள் அங்கே இருந்த கலங்கரை விளக்குக்காரி. அவளுக்கு என்ன ஆனது என்று அவன் கேட்க வேண்டும்.

சவுண்ட் கன்சோலில் உட்கார்ந்திருப்பவள் என் வீட்டுக்காரரின் தங்கை. இந்த வேலைக்காகக் கல்யாணப் பேச்சையே ஒதுக்கி வைத்தவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது. அன்று காலையிலேயே முதலாளி அவளிடம் கடுகடுத்தார்.

"சாயங்காலம் எபிசோடு சேனலுக்குப் போயாகணும். நேத்து மாதிரி டேக் நடுவுல நின்னுச்சுன்னா, நீ பையத் தூக்கிட்டுக் கிளம்பிடு."

நேற்று போனது கரண்ட். அதற்கு இவள் என்ன செய்வாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. டேக் ஓடும்போது ஏசி உறுமும் என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை யாரோ டீத் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்கள் என்பதற்காகக் கதவை வெளியே தாழ் போடுவார்கள். கன்சோலுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த கண்ணாடியில் சத்தம் கசிகிறதென்று முதலாளி பலகை அடித்துவிட்டார். "ஆளுங்கள வேக வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "கேப்டனுக்குக் கோவத்தப் பாரு" என்று சிரித்தார்.

முதலில் பழைய கலகத்தின் காட்சி. சிறைக்குள் கைதிகள் கொந்தளிக்க வேண்டும். கூட்டக் குரலுக்கு ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அதில் ஒருவர் சாவு மாமா. கத்தி பட்டு, விஷம் குடித்து, மலையிலிருந்து உருண்டு என்று எபிசோடுக்கு எபிசோடு செத்து அந்தப் பெயரை வாங்கியவர். கத்தலின் நடுவே அவர் 'ஹக்' என்று ஒரு சத்தம் போட்டு, சுவரோரம் சரிந்து, கீழே விழுந்தார். ஒருத்தரும் பதறவில்லை. பக்கத்திலிருந்த பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

எனக்கு மட்டும் திக்கென்றது. இந்தக் காட்சியில் மாமாவுக்குச் சாவே கிடையாது.

குனிந்து தொட்டேன். உடம்பு வேர்வையில் நனைந்து ஜில்லிட்டிருந்தது.

"நிறுத்துங்க! மாமா விழுந்துட்டாரு! கதவத் திறங்க!"

காலையிலிருந்து கத்திய தொண்டை. வந்தது என் குரல் இல்லை, பையன் குரல். ஹெட்போனில் முதலாளி குதூகலித்தார். "சபாஷ்! எழுதினதவிட நல்லாருக்கே! விடாத, போ!"

மற்றவர்கள் கதவை இடித்தார்கள். "கூட்டம் பிரமாதம்!" என்றார். பாவி மனுஷன்! மாமாவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. கூப்பிட்டால் நாத்தனார் வருவாள். வந்தால் அந்த நாற்காலி போய்விடும். தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

"அம்மாடி! அண்ணி கூப்பிடறேன். கதவத் திற."

கேப்டன் எந்தக் காலத்திலும் யாரையும் அம்மாடி என்று கூப்பிட்டதில்லை. அது வீட்டில் நான் அவளைக் கூப்பிடுவது. ஹெட்போனில் முதலாளி, "எங்க எழுந்திரிக்கிற? டேக் ஓடுது, உக்காரு!" நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. ஓடிவரும் காலடி. தாழ் விலகியது.

நடைபாதையில் படுக்க வைத்துத் தண்ணீர் தெளித்ததும் மாமா கண்ணைத் திறந்தார். "நல்லா செத்தேனாம்மா?" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதலாளி வந்து நின்றார். "யாரு திறக்கச் சொன்னது?"

"நானாத்தான் திறந்தேன்" என்றாள் அவள்.

"பொய். நான்தான் கூப்பிட்டேன். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

"உங்கள எப்படிம்மா அனுப்ப முடியும்? நீங்க கேப்டனாச்சே." குரலில் தேன் வழிந்தது. "தாழ்ப்பாளக் கழட்டிடறேன், போதுமா? ஆனா சொன்னது சொன்னதுதான். இவ கிளம்பட்டும்."

கதவை அப்படி இடித்த கூட்டம் இப்போது அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் ஹெட்போனை அதன் கொக்கியில் மாட்டினாள், பையை எடுத்தாள். போகும்போது என் காதருகே, "வாய மூடிட்டு வேலையப் பாருங்க அண்ணி. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அண்ணன் தலையிலதான் விடியும்" என்றாள்.

அடுத்த காட்சி. கன்சோலில் வேறு யாரோ. திரையில் என் பையன் துறைமுகத்தில் நிற்கிறான். கலங்கரையில் வெளிச்சம் இல்லை. அவன் வாய் அசைகிறது.

"விளக்குக்காரி எங்க?"

வந்தது என் சொந்தக் குரல். "ஒன் மோர்" என்றார்கள். மறுபடியும் அதே. "பையன் குரல் வேணும்மா!" என்று முதலாளி கத்தினார்.

"அவன் வரமாட்டேங்கிறான். நானும் போறேன்."

தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்.

அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீறினாள். "அறிவிருக்கா அண்ணி? நாளைக்கே வேற கேப்டனப் பிடிச்சிடுவாரு!"

"பிடிக்கட்டும்."

பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"தாழ்ப்பாள்?"

"கழட்டிட்டாங்க."

அதுவரை கலங்காதவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. "அப்ப மாமா இனிமே நிம்மதியா சாவாரு" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்து, முடியாமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.