கட்டில் கம்பியில் காந்தாரி

காந்தாரி மிளகாயை நசுக்கினால் சாறு கொஞ்சம்தான் வரும். அது போதும். கொட்டச்சேடு கிராமத்து மரியஅந்தோணி அதைப் பழந்துணியில் நனைத்து, பெண்டாட்டி அமலி படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் ஓரம் விடாமல் தேய்த்தார்.

“ஏனுங்க, என்னத்தத் தேய்க்கறீங்க?” என்றாள் அமலி.

“மருந்து. கம்பியத் தொட்டுப்போடாத.”

“யாருக்கு மருந்து?”

அவர் துணியைத் திருப்பிப்போட்டு இன்னொரு முறை தேய்த்தார்.

எஸ்டேட்டில் காப்பிச் செடியில் கிளை கழித்துக் கவாத்து செய்யும்போது கத்தி பட்டு அமலியின் பாதத்தில் ஒரு கிழிசல். தையல் போட்டு ஏற்காட்டில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அப்போது கருப்பண்ணன் என்று ஒரு சர்க்கரை வியாதிக்காரன், காலெல்லாம் சீழ். கட்டுப் போடுகிற மாதேஷ் காலையில் கிளவுஸ் மாட்டினால் கடைசிக் கட்டில் வரைக்கும் அதே கிளவுஸ்தான். கருப்பண்ணனின் புண்ணைப் பிதுக்கிய அதே விரலோடு மாதேஷ் வந்து அமலியின் தையலைத் தொட்டான். மரியஅந்தோணி கண்ணால் பார்த்தார்.

“ஏனுங்க, அதக் கழட்டிப்போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க,” என்று சொல்லவும் சொன்னார்.

“பெருசு எந்தக் காலேஜுல டாக்டருக்குப் படிச்சுது?” என்று சிரித்தான் மாதேஷ். “கிளவுஸ் போட்டிருக்கேன்ல.”

தையல் பழுத்தது. காலில் மூன்று விரல்களை வெட்டி எடுத்தார்கள். டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனால் மாதேஷ் முந்திக்கொண்டான்: “வரும்போதே சாணி மிதிச்ச காலுங்க சார். இவங்க சுத்தம் அவ்வளவுதான்.” டாக்டரும் தலையாட்டினார். படித்தவன் படித்தவனை விட்டுக்கொடுப்பானா?

கிளவுஸ் அவன் தோலைக் காப்பாற்றத்தான், நம் புண்ணை அல்ல. மரியஅந்தோணிக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டிலுக்கு வந்ததும் கம்பியைப் பிடிப்பான். அப்புறம் அதே விரலால் கண்ணைக் கசக்குவான். கசக்கட்டும். இரண்டு கண்ணும் பற்றி எரியட்டும்.

மாதேஷ் வந்தான். கம்பியை இறுக்கிப் பிடித்தான். அமலியின் காலைப் பார்க்காமலே, “நேத்துக் கட்டினது இருக்கட்டும், நாளைக்கு மாத்தலாம்,” என்று திரும்பினான். கண்ணைத் தொடவே இல்லை.

நேரே பக்கத்துக் கட்டிலுக்குப் போனான். கருப்பண்ணன் இருந்த இடத்தில் இப்போது வெண்ணிலா, வாழவந்தி ஊர்ச் சின்னப் பிள்ளை. கொதிக்கிற ரசம் கொட்டிக் கை வெந்தவள். மாதேஷ் துணியைப் பிரித்தான். சிவந்த சதை தெரிந்தது. அந்த விரல்கள் அதை நோக்கி இறங்கின.

மரியஅந்தோணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. எட்டிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கவாத்துக் கத்தி பிடித்த கை அது.

“புள்ளையத் தொடாத. உன் கிளவுஸ்ல மொளகாச் சாறு. நாந்தான் கம்பியில தடவுனேன்.”

“பைத்தியமாய்யா உனக்கு? விடு.” மாதேஷ் உதறினான். உதறின வேகத்தில், பழக்கம் விடாமல், அந்த விரலாலேயே கண்ணைக் கசக்கினான்.

அவன் போட்ட சத்தத்துக்கு வார்டே எழுந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவினான். “தண்ணி, தண்ணி. குழாய் எந்தப் பக்கம்?”

“நேராப் போங்க சாமி,” என்றார் மரியஅந்தோணி. “நீங்க ஒரு நாளும் போவாத பக்கமுங்க.”

நர்ஸ் ஷீனா ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனாள். யாரோ வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். போலீஸ் என்றும் ஒரு பேச்சு அடிபட்டது. வெண்ணிலாவின் தாய் பிள்ளையை அணைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தாள்.

“உங்க கையுந்தானே எரியும்,” என்றாள் அமலி. “போய்க் கழுவுங்க.”

எரிந்தது, அடுப்பில் வைத்த மாதிரி.

“இருக்கட்டும். அவன் மொதல்ல கழுவட்டும். அத நான் பாக்கோணும்.”

வாசல் வழியே தெரிந்த குழாயடியில், முழங்கை வரைக்கும் சோப்பு நுரை வழிய மாதேஷ் கழுவிக்கொண்டே இருந்தான். மரியஅந்தோணி உட்காராமல், எரிகிற கையோடு பார்த்துக்கொண்டே நின்றார்.